கத்தரித்த அட்டை: மாதவிடாய் வலியும் மாத்திரையும்

விழுப்புரம் நேருஜி சாலையானாலும் திண்டிவனம் நேரு வீதியானாலும் மெடிக்கல் கடைக்காரர்களுக்கு இது பழகிப்போன காட்சி. கடையில் ஆண்கள் கலையும்வரை ஒதுங்கி நிற்பார் ஒரு பெண். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணா, வயித்துவலி மாத்திரை ரெண்டு குடுங்க" என்பார். எந்த வயிற்றுவலி என்று அவரும் கேட்பதில்லை, இவரும் சொல்வதில்லை. அட்டையிலிருந்து இரண்டு மாத்திரைகளைக் கத்தரிக்கோல் வெட்டும். சின்னக் காகித உறையில் அவை கைமாறும். வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருக்கும். காலாவதித் தேதி அட்டையின் மறுமுனையோடு கடையிலேயே தங்கிவிடும்.

மாதவிடாய் வலிக்கு இப்படி வாங்கும் மாத்திரை பெரும்பாலும் நல்ல மருந்துதான். சோதனைகளில் தேறியது, விலை குறைந்தது, முறையாகப் போட்டால் ஒரு பெண்ணின் இரண்டு நாள் கூலியையோ ஒரு தேர்வையோ காப்பாற்றித் தருவது. எந்த மாத்திரை, எப்போது போடுவது, யார் போடக் கூடாது என்ற மூன்றும் தெரியாமல் போடும்போதுதான் சிக்கல் வருகிறது. மூன்றுக்கும் விடை, அந்த வலியை உண்டாக்கும் வேதிப்பொருளைப் புரிந்துகொள்வதில் இருக்கிறது.

வலி எங்கே பிறக்கிறது?

கரு தங்காத மாதத்தின் கடைசியில் உடலில் புரோஜெஸ்டிரோன் அளவு சரிகிறது. அதோடு கருப்பையின் உள்சவ்வு கலையத் தொடங்குகிறது. கலையும் செல்களின் சவ்வுக் கொழுப்பிலிருந்து அராக்கிடோனிக் அமிலம் விடுபடுகிறது. 'காக்ஸ்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் நொதி, அந்த அமிலத்தைப் புரோஸ்டாகிளாண்டின்களாக மாற்றுகிறது.

புரோஸ்டாகிளாண்டின் கருப்பைத் தசையை இறுகச் செய்கிறது. உள்சவ்வை வெளியேற்ற ஓரளவு இறுக்கம் தேவைதான். ஆனால் சுரப்பு மிகுந்தால் இறுக்கமும் மிகுந்து, தசைக்குள் ஓடும் ரத்தக் குழாய்களே நசுங்குகின்றன. கடும் வலி உள்ள பெண்களில் கருப்பைக்குள் உண்டாகும் அழுத்தம் சில நொடிகளுக்கு ரத்த அழுத்தத்தையே மிஞ்சிவிடுவதுண்டு. அந்த நொடிகளில் தசைக்கு ஆக்சிஜன் போவதில்லை. மாரடைப்பில் இதயத் தசை வலிப்பதற்கும் இதுவே காரணம்: ரத்தம் போகாத தசை வலிக்கும். போதாததற்கு, அங்குள்ள வலி நரம்புகளையும் புரோஸ்டாகிளாண்டின் கூர்மையாக்கிவிடுகிறது. ரத்தத்தில் கலந்து குடலுக்குப் போனால் வயிற்றுப்போக்கும் குமட்டலும் வருகின்றன. அந்த நாட்களில் மூன்று நான்கு முறை கழிப்பறைக்கு ஓடவைப்பது பெரும்பாலும் முந்தின நாள் சாப்பாடல்ல, இந்த வேதிப்பொருள்தான்.

பூப்பெய்திய ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடங்குவது, உதிரப்போக்கோடு சேர்ந்து வருவது, ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் அடங்குவது ஆகியவை இந்த வகை வலியின் அடையாளங்கள். கருப்பையில் நோய் எதுவும் இராது. பல பத்தாண்டுகளாக மருத்துவ நூல்கள் இதை மனம் சார்ந்த கோளாறு என்றே எழுதிவந்தன. 1957-ல் பிக்கிள்ஸ் என்ற பிரிட்டிஷ் உடலியலாளர், தசையைச் சுருங்கவைக்கும் ஒரு பொருள் மாதவிடாய் உதிரத்திலேயே இருப்பதைக் காட்டினார். அதன் பிறகுதான் அந்தப் பழி மெல்ல விலகியது. வலி மிகுந்த பெண்களின் உதிரத்தில் புரோஸ்டாகிளாண்டின் அதிகம் என்பது பின்வந்த ஆய்வுகளில் உறுதியானது.

மாத்திரைகள் வேறு வழியாக வந்தவை. இப்யூபுரோஃபென் 1961-ல் இங்கிலாந்தின் பூட்ஸ் நிறுவனத்தில் மூட்டுவாதத்துக்கு மருந்து தேடிய ஸ்டூவர்ட் ஆடம்ஸ் குழுவின் கண்டுபிடிப்பு. மெஃபெனாமிக் அமிலமும் அதே காலத்தில் அமெரிக்காவின் பார்க்-டேவிஸ் ஆய்வகத்தில் உருவானது. இவை வலியைக் குறைக்கின்றன என்று தெரிந்ததே தவிர, எப்படி என்று அப்போது தெரியாது. 1971-ல்தான் ஜான் வேன், ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியையே நிறுத்துகின்றன என்று நிறுவினார். அதற்காக 1982-ன் நோபல் பரிசு அவருக்கும் பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன் இருவருக்கும் கிடைத்தது. மாதவிடாய் வலியின் காரணமும் மாத்திரையின் வேலையும் ஒரே இடத்தில் வந்து பொருந்தின.

எவ்வளவு பலன்? 80 சோதனைகளையும் அவற்றில் பங்கேற்ற 5,820 பெண்களையும் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2015-ல் ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. மருந்தில்லாப் போலி மாத்திரை போட்டவர்களில் 18 சதவீதத்தினருக்கு நல்ல நிவாரணம் என்றால், இவ்வகை மருந்து போட்டவர்களில் 45 முதல் 53 சதவீதத்தினருக்கு அது கிடைக்கும் என்பது அதன் கணக்கு. பாதிப்பேருக்கு நன்றாகக் கேட்கிறது, மீதிப் பாதிக்குப் போதுமான அளவு கேட்பதில்லை என்ற இரண்டு செய்தியும் அந்த எண்ணில் இருக்கின்றன. இரண்டாவது செய்திக்குக் கட்டுரையின் முடிவில் வருவோம்.

எப்போது போடுவது?

காக்ஸ் நொதியைத் தடுக்கும் மாத்திரை, இனி உருவாகவிருக்கும் புரோஸ்டாகிளாண்டினைத்தான் நிறுத்தும். உருவாகிவிட்டதை அழிக்காது. ஏரி மதகை அடைப்பது போன்றது இது: அடைத்த பிறகு புதுத் தண்ணீர் வராது, வயலில் ஏற்கெனவே பாய்ந்தது வடிந்துதான் ஆக வேண்டும். முடிந்தவரை தாங்கிப் பார்த்து, சுருண்டு படுத்த பிறகு மாத்திரை போட்டால் அது தோற்றது போலத் தெரிவதற்குக் காரணம் இதுதான். உதிரம் காணத் தொடங்கியதுமே, அல்லது அடிவயிறு இழுத்துப் பிடிப்பது தெரிந்ததுமே முதல் மாத்திரையைப் போட வேண்டும். நாள் தவறாமல் மாதவிடாய் வருபவர்களுக்கு முந்தின நாளே தொடங்கும்படி மருத்துவர்கள் சொல்வதும் உண்டு.

அடுத்து, இடைவெளி. முதல் மாத்திரையின் வேலை சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும், கருப்பையோ இரண்டு நாளுக்குப் புரோஸ்டாகிளாண்டினைச் செய்துகொண்டே இருக்கும். வலிக்கும்போது ஒன்று, வலி போனதும் நிறுத்தம், மறுபடி வலித்தால் இன்னொன்று என்று போவதைவிட, முதல் ஒன்றிரண்டு நாளுக்கு மணி பார்த்து முறையாகப் போடுவது நல்லது. இரண்டு மூன்று நாளுக்கு மேல் பொதுவாகத் தேவைப்படாது.

பொறுமையும் வேண்டும். மெஃபெனாமிக் அமிலம் ரத்தத்தில் உச்ச அளவை எட்ட 2 முதல் 4 மணி நேரமாகும், இப்யூபுரோஃபெனுக்கு ஒன்றிரண்டு மணி நேரம். அரைமணியில் கேட்கவில்லையே என்று இன்னொன்றையும், அதன்மேல் பக்கத்து வீட்டு அக்கா தந்ததையும் போடுவதுதான் அளவு மீறும் வழி.

அட்டையில் இருப்பது என்ன?

தமிழ்நாட்டில் மாதவிடாய் வலிக்கு அதிகம் கேட்டு வாங்கப்படும் பெயர் மெஃப்டால் ஸ்பாஸ். அதில் இரண்டு மருந்துகள் இருக்கின்றன: மெஃபெனாமிக் அமிலம் 250 மி.கி., டைசைக்ளோமின் 10 மி.கி. முதலாவது, மேலே சொன்ன காக்ஸ் தடுப்பான். இரண்டாவது, குடல் தசைப் பிடிப்பைத் தளர்த்தும் மருந்து. மாதவிடாய் வலியில் முதலாவதன் பலனுக்கு இருக்கும் சான்றின் வலு இரண்டாவதற்குக் கிடையாது.

இதே பெயரை ஒட்டி 500 மி.கி. மெஃபெனாமிக் அமிலம் மட்டும் உள்ளதும், பாரசிட்டமாலோடு சேர்ந்ததும் தனித்தனி அட்டைகளில் விற்கின்றன. "மெஃப்டால் ஒன்னு" என்று கேட்டால் கைக்கு வருவது எது என்பது கடையில் அன்று இருக்கும் சரக்கைப் பொறுத்தது. காம்பிஃபிளாமில் இப்யூபுரோஃபென் 400 மி.கி.யும் பாரசிட்டமால் 325 மி.கி.யும் உண்டு. சைக்ளோபாமில் டைசைக்ளோமினும் பாரசிட்டமாலும் உண்டு, காக்ஸ் தடுப்பான் எதுவுமில்லை.

இந்தப் பெயர்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஆபத்து புரியும். காலையில் மெஃப்டால் ஸ்பாஸ், கேட்கவில்லை என்று மதியம் காம்பிஃபிளாம் என்றால் ஒரே வகை மருந்து இரண்டு பங்கு உள்ளே போகிறது. வலி நிவாரணம் இரட்டிப்பதில்லை, வயிற்றுப் புண்ணும் சிறுநீரகச் சேதமும் வரும் வாய்ப்புதான் கூடுகிறது. காம்பிஃபிளாமோடு தலைவலிக்கு டோலோ 650 போட்டால் பாரசிட்டமால் இரண்டு மாத்திரையிலிருந்தும் சேர்கிறது. மெஃப்டால் ஸ்பாஸோடு சைக்ளோபாம் போட்டால் டைசைக்ளோமினும் அப்படியே. இதனால்தான் அட்டையின் பெரிய எழுத்துப் பெயரைவிட அதன்கீழ் சிறிய எழுத்தில் உள்ள மூலப்பெயர் முக்கியம்.

வேறு நோயில்லாத, வயதுவந்த பெண்ணுக்குப் பொதுவான அளவுகள் இவை. இப்யூபுரோஃபென் 400 மி.கி., ஆறு முதல் எட்டு மணிக்கொரு முறை. மருத்துவர் சொல்லாமல் நாளைக்கு 1,200 மி.கி.யைத் தாண்டக் கூடாது. மெஃபெனாமிக் அமிலம் முதலில் 500, பிறகு ஆறு மணிக்கொரு முறை 250 என்பது ஒரு முறை, 500-ஐ நாளைக்கு மூன்று வேளை என்பது இன்னொன்று. எது என்பதை மருத்துவர் சொல்லட்டும். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். பாரசிட்டமால் வேளைக்கு 500 முதல் 1,000, நாளைக்கு 4,000 மி.கி.க்குள். மெலிந்த உடல்வாகு உள்ளவர்களும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் அதற்கும் வெகு குறைவாகவே எடுக்க வேண்டும். மாதவிடாய் வலியில் பாரசிட்டமாலின் பலம் குறைவு. ஆனால் மற்றவை கூடாதவர்களுக்கு அதுவே துணை. பள்ளி மாணவிகளுக்கு வயதும் எடையும் பார்த்து மருத்துவர் அளவு சொல்ல வேண்டும். 16 வயதுக்குக் கீழ் ஆஸ்பிரின் கூடாது.

கருப்பைக்கு வெளியே

காக்ஸ் தடுப்பான் கருப்பையை மட்டும் தேடிப் போவதில்லை, உடல் முழுதும் பரவுகிறது. கருப்பையில் தொல்லை தரும் புரோஸ்டாகிளாண்டின் மற்ற இடங்களில் நல்ல வேலை செய்துகொண்டிருக்கிறது.

இரைப்பையில் அமிலம் அரிக்காதபடி சளிப்படலம் சுரக்கவைப்பது அது. அதை நிறுத்தினால் இரைப்பைச் சுவருக்குக் காவல் குறைகிறது. எட்டு மணி பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டு, மேலே ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டுப் போவது நல்லதல்ல. இரண்டு இட்லியோ, ஒரு கிண்ணம் பழைய சோறோ, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு டம்ளர் பாலோ உள்ளே போன பிறகு போடலாம். முன்பே அல்சர் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மலம் தார்போலக் கறுத்துப் போனால் இரைப்பையில் ரத்தம் கசிகிறது என்று பொருள், மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிறுநீரகத்தில் புரோஸ்டாகிளாண்டினின் வேலை இன்னும் நுட்பமானது. உடலில் நீர் வற்றும்போது ரத்தக் குழாய்கள் பொதுவாகச் சுருங்கும். அப்போது சிறுநீரகத்துக்குப் போகும் குழாயை மட்டும் விரித்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின். தண்ணீர் நன்றாகக் குடித்தவருக்கு இந்த மாத்திரையால் சிறுநீரகத்துக்கு அவ்வளவு சிரமமில்லை. வெயிலில் வியர்த்து வற்றியவருக்கு அந்தக் கடைசிக் காப்பும் போய்விடுகிறது.

விழுப்புரம் மாவட்டத்தில் இந்தச் சூழல் அன்றாடம் நேர்வது. திண்டிவனம், டிஎம்வி என்ற பெயரில் வேர்க்கடலை ரகங்களைத் தந்த ஆராய்ச்சி நிலையம் உள்ள ஊர். சுற்றுப்பட்டு நிலங்களில் மல்லாட்டை எனப்படும் வேர்க்கடலையைப் பிடுங்கவும் கரும்புக்குக் களை எடுக்கவும் போவது பெண்கள்தான். கிழக்கே மரக்காணம் உப்பளங்களில் நிழலே கிடையாது. ஒதுங்க இடமில்லாத வேலைக்களத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வது பெண்கள் வேறு வழியின்றிச் செய்வது. உதிரப்போக்கு நாட்களில் அது இன்னும் கூடும். தமிழக உப்பளத் தொழிலாளர்களிடையே சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு, வரம்பை மீறிய வெப்பத்தில் வேலை செய்பவர்களில் சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதைப் பதிவு செய்தது. அது மாத்திரையைப் பற்றிய ஆய்வல்ல. ஆனால் வெப்பத்தில் ஏற்கெனவே சுமை தாங்கும் சிறுநீரகத்தின்மேல் இந்த மாத்திரை இன்னொரு சுமை என்பது மருந்தியல் அறிந்த செய்தி.

டைசைக்ளோமினுக்கும் வெயிலுக்கும் ஆகாது. அது வியர்வைச் சுரப்பைக் குறைக்கும். வியர்க்காத உடல் குளிராது. கடும் வெப்பத்தில் இதனால் வெப்பத்தாக்கு வரலாம் என்பது இம்மருந்தின் எச்சரிக்கைக் குறிப்பிலேயே உள்ளது. வாய் உலர்வதும் கண் மங்குவதும் தூக்கக் கலக்கமும் இதன் மற்ற விளைவுகள். சித்திரை வைகாசியில் வயலுக்கோ கட்டட வேலைக்கோ போகும் பெண், ஸ்பாஸ் என்று முடியும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்காமல், டைசைக்ளோமின் இல்லாத மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்குவது நல்லது. எதைப் போட்டாலும் தண்ணீர் குறையக் கூடாது.

ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறையவைக்கவும் காக்ஸ் நொதியின் விளைபொருள் ஒன்று தேவை. ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் இது உயிர் சம்பந்தப்பட்டது. டெங்குவில் தட்டணுக்கள் ஏற்கெனவே குறைகின்றன. காய்ச்சலும் மாதவிடாய் வலியும் ஒரே நேரத்தில் வந்தால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை மெஃபெனாமிக் அமிலம், இப்யூபுரோஃபென், ஆஸ்பிரின் மூன்றையும் தள்ளிவைத்து, பாரசிட்டமால் மட்டும் எடுக்க வேண்டும்.

சிறுநீரக நோய், இதய நோய், இந்த வகை மாத்திரையால் மூச்சிரைப்பு வந்த அனுபவம் ஆகியவற்றில் ஒன்று உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், ரத்த அழுத்த மாத்திரையோ ஸ்டீராய்டோ தொடர்ந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்டுத்தான் போட வேண்டும். கரு தங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் போடவே கூடாது.

இதன் மறுபக்கமாக, தேவையில்லாத ஓர் அச்சமும் வீடுகளில் உண்டு. "மாத்திரை போட்டுப் பழகினா கர்ப்பப்பை கெட்டுடும், கொழந்தை தங்காது" என்று பெண்பிள்ளைகளைத் தடுப்பார்கள். மாதத்தில் இரண்டு மூன்று நாள் சரியான அளவில் போடும் இந்த மாத்திரையால் கருப்பை கெடுவதுமில்லை, பழக்க அடிமையாவதுமில்லை. மாதத்தின் நடுவில், முட்டை வெளிப்படும் நாட்களில் தொடர்ந்து எடுத்தால் அது வெளிப்படுவது தள்ளிப்போகலாம். மருந்தை நிறுத்தினால் அதுவும் சரியாகிவிடும்.

2023-ன் எச்சரிக்கை

2023 டிசம்பரில் மெஃப்டால் பற்றிச் செய்திச் சேனல்களும் வாட்ஸ்அப்பும் பரபரத்தன. இந்திய மருந்தியல் ஆணையம் நவம்பர் 30 தேதியிட்டு மெஃபெனாமிக் அமிலம் பற்றி எச்சரிக்கை விடுத்திருந்தது. இம்மருந்தால் 'டிரெஸ்' என்ற கடும் ஒவ்வாமை வரக்கூடும், மருத்துவர்களும் நோயாளிகளும் கவனிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். மருந்தை யாரும் தடை செய்யவில்லை.

டிரெஸ் மிக அரிதானது. மருந்து தொடங்கி இரண்டிலிருந்து எட்டு வாரத்துக்குள் காய்ச்சல், உடலெங்கும் தடிப்பு, முக வீக்கம், நெறிக்கட்டு என்று வரும். கல்லீரல், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளையும் தாக்கும். மாத்திரை போட்ட நாளுக்கும் தடிப்பு வரும் நாளுக்கும் இடையே வாரக்கணக்கில் இடைவெளி இருப்பதால் இரண்டையும் முடிச்சுப்போட யாருக்கும் தோன்றாது. "கடைசி ரெண்டு மாசத்துல என்ன மாத்திரை போட்டீங்க?" என்று மருத்துவர் கேட்டால், "மெடிக்கல்ல ஏதோ குடுத்தாங்க" என்பது பதிலானால் நோயைக் கண்டுபிடிப்பதே தாமதமாகும். எந்த மருந்தால் தீங்கு வந்தாலும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பொதுமக்களே தெரிவிக்கலாம். மருந்தின் பெயர் தெரிந்திருந்தால்தான் அந்தப் புகாருக்கும் பயனுண்டு.

பெயரில்லாத மாத்திரை

பெயர் தெரியாமல் விழுங்குவது எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. 2019 ஜூனில் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை, நம் மாநிலத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் ஏறக்குறைய நூறு பெண்களிடம் பேசி ஒரு புலனாய்வுச் செய்தியை வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்னால், பெயரோ காலாவதித் தேதியோ இல்லாத மாத்திரைகள் வேலையிடத்திலேயே தரப்பட்டன. தந்தவர்கள் பெரும்பாலும் மருத்துவம் படித்தவர்களல்லர். பக்கவிளைவு பற்றி யாரும் சொல்லவில்லை. விடுப்பு எடுத்தால் கூலி போகும் என்பதால் பெண்கள் மாதாமாதம் வாங்கி விழுங்கினார்கள். சோதித்துப் பார்த்தபோது அவை இப்யூபுரோஃபென் போன்ற வழக்கமான வலி மருந்துகளே. தெரிந்து போட்டால் உதவும் அதே மருந்து, அல்சர் உள்ள பெண்ணுக்கும் கருவுற்றிருக்கக்கூடிய பெண்ணுக்கும் பெயரில்லாமல் ஒரே மாதிரி வழங்கப்பட்டிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? மருத்துவர் சீட்டின்றி விற்கலாம் என்று தனியாக வகுத்த மருந்துப் பட்டியல் இந்தியாவில் இல்லை. 1945-ம் ஆண்டு மருந்து விதிகளின் 'எச்' அட்டவணையில் உள்ளவற்றைச் சீட்டின்றி விற்கக் கூடாது. மெஃபெனாமிக் அமிலமும் டைசைக்ளோமினும் அந்த அட்டவணையைச் சேர்ந்தவை, அட்டையிலேயே எச்சரிக்கை அச்சாகியிருக்கிறது. பாரசிட்டமால் நிலை வேறு: ஆயிரம் பேருக்கு மிகாத சிற்றூரில் சில நிபந்தனைகளோடு உரிமம் இல்லாத கடைகூட அதை விற்கலாம். நடைமுறையில் கடை மேசைக்கு இப்பால் நிற்பவருக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை.

ஆகவே ஒரு முறையாவது மருத்துவரைப் பார்த்து, தனக்கு எந்த மருந்து, எத்தனை மி.கி. என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. அடுத்த மாதங்களுக்கு அந்தச் சீட்டே வழிகாட்டி. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதற்குச் செலவில்லாமல் வழியுண்டு. வாங்கும்போது முழு அட்டையாக வாங்கலாம். மூலப்பெயரைச் சொல்லிக் கேட்டால் மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரி 24-ல் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும் விலை குறைவாகக் கிடைக்கும். இரண்டு மாத்திரைதான் தேவை என்றால் அட்டையின் இரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளலாம். மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி அச்சான ரசீதையும் கேட்டு வாங்கலாம். தகரக் கூரை வீட்டிலும் வண்டிப் பெட்டிக்குள்ளும் வெப்பம் ஏறும் என்பதால் மாத்திரையை அங்கே வைக்க வேண்டாம்.

வலி மாத்திரையோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்றும் இதே கடைகளில் கேட்கப்படுகிறது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் அமாவாசைக்கோ, வீட்டுக் கல்யாணத்துக்கோ நாளைத் தள்ளிப்போடும் மாத்திரை. அது நோரெத்திஸ்டிரோன் என்ற ஹார்மோன். வலி மாத்திரை அல்ல. கால் ரத்தக் குழாயில் ரத்தக்கட்டு வந்தவர்களும், கண்முன் ஒளிக்கீற்று தோன்றும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களும், கல்லீரல் நோயுள்ளவர்களும் அதை எடுப்பது ஆபத்து. கடையில் கேட்டு வாங்கும் மருந்தே அல்ல அது.

சூடும் சுக்கும்

பாட்டிமார் சொன்ன ஒத்தடத்துக்குச் சான்று இருக்கிறது. ஏறக்குறைய 39 டிகிரி செல்சியஸ் சூட்டை அடிவயிற்றில் தொடர்ந்து வைத்திருப்பது இப்யூபுரோஃபெனுக்கு இணையான பலன் தந்ததாக 2001-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி வைக்க வேண்டும். தோல் பொறுக்கும் சூடு போதும். இஞ்சிக்கும் சில சிறிய ஆய்வுகளில் பலன் தெரிந்திருக்கிறது. சுக்குக் காபியைக் குடிப்பதில் தவறில்லை, அதையே நம்பிக் கடும் வலியைப் பொறுத்திருப்பதில்தான் பொருளில்லை. நடையும் உடற்பயிற்சியும் உதவுகின்றன. மாத்திரையும் ஒத்தடமும் சேர்ந்தால் மாத்திரையின் எண்ணிக்கை குறையும்.

மாத்திரைக்குக் கேட்காத வலி

முன்பு சொன்ன அந்த மீதிப் பாதிக்கு வருவோம். சரியான மருந்தை, சரியான நேரத்தில், சரியான அளவில், சாப்பிட்ட பிறகு மூன்று மாதவிடாய்க்குப் போட்டுப் பார்த்தும் வலி அடங்கவில்லை என்றால் அடுத்த கடைக்கோ அதிக மி.கி.க்கோ போக வேண்டியதில்லை. வலியின் காரணம் வெறும் புரோஸ்டாகிளாண்டின் மிகுதியாக மட்டும் இல்லாமலிருக்கலாம் என்று மாத்திரையே சொல்லிவிட்டது. கருப்பை உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், இனப்பெருக்க வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. பலருக்கு அது ஆண்டுக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் போகிறது. "எல்லாப் பொண்ணுக்கும் வர்றதுதான்" என்று வீடு சொல்வதும், மாதாமாதம் கூடிக்கொண்டே போகும் மாத்திரையும் சேர்ந்து அந்தத் தாமதத்தை வளர்க்கின்றன. கருப்பைச் சுவருக்குள்ளேயே உள்சவ்வு வளர்வது, நார்க்கட்டி, கருப்பைத் தொற்று ஆகியவையும் இப்படி மறைந்திருக்கக்கூடியவை.

பல ஆண்டு வலியில்லாமல் இருந்து முப்பதுக்கு மேல் புதிதாக வலி தொடங்குவது, மாதவிடாய் இல்லாத நாட்களிலும் வலிப்பது, உடலுறவில் வலி, மணிக்கொரு நாப்கின் நனைவது, பெரிய கட்டிகளாகப் போவது ஆகியவை மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அதிக உதிரப்போக்கை வலி மாத்திரையால் மூடிவைக்க நம் பெண்களின் உடலில் மிச்ச ரத்தம் கிடையாது. காய்ச்சலோடு நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் வந்தால் அன்றே பார்க்க வேண்டும். நாள் தள்ளிப்போன பிறகு ஒரு பக்கமாகக் கடும் வலியும் மயக்கமும் வந்தால் கரு குழாயில் தங்கி வெடித்திருக்கலாம். மாத்திரை தேடாமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது உதிரம் தொடங்கிய தேதி, வலி எத்தனை நாள், போட்ட மருந்தின் பெயர், எத்தனை மி.கி., எத்தனை வேளை, எவ்வளவு கேட்டது என்று மூன்று மாதத்துக்கு எழுதிய ஒரு தாள் கையில் இருக்கட்டும். திண்டிவனம் அரசு மருத்துவமனையானாலும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியானாலும் புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். "மாசாமாசம் வலிக்குது டாக்டர்" என்றால் அந்த நிமிடங்களில் இன்னொரு வலி மாத்திரை எழுதப்படும். "மெஃபெனாமிக் அமிலம் 500, மூணு வேளை, மூணு மாசம் போட்டேன், கேக்கல" என்றால் அடுத்த பேச்சு ஸ்கேனைப் பற்றியதாக இருக்கும்.